முன்விளக்கு தேர்ந்தெடுத்த பற்பசை

அந்த வீட்டில் எந்தப் பற்பசை வாங்குவது என்பதை ஒரு பழைய காரின் முன்விளக்குதான் தீர்மானித்துக்கொண்டிருந்தது. கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். அந்த வீட்டுக்காரர் சிரிக்க மாட்டார். பற்பசை விஷயத்தில் அவருக்கு விளையாட்டே பிடிக்காது.

அவர் கார் பட்டறையில் பாலீஷ் போடுகிறவர். ‘பாலீஷ்காரரே’ என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். சொந்தப் பெயரைச் சொன்னால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். கீறல் விழுந்த கதவு, வெயிலில் வெளுத்த கூரை, மங்கிப்போன விளக்கு, எது வந்தாலும் சரி, அதில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளும்படி செய்து அனுப்புவார். எந்தப் பசையில் எவ்வளவு சொரசொரப்பு, எந்தப் பரப்பு எவ்வளவு தாங்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பட்டறையில் யாராவது மெஷினைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்துவிட்டால் போதும், கூரை அதிரும்.

"பெயிண்ட்டுக்கு மேல மெல்லிசா ஒரு பூச்சு இருக்குய்யா! அழுக்குதான் போகணும், பூச்சு போகக் கூடாது. போச்சுன்னா போனதுதான்!"

இவ்வளவு தெரிந்த மனிதர், சொந்த வாய் விஷயத்தில் மட்டும் எப்படிக் கோட்டை விட்டார் என்பதுதான் வேடிக்கை.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் கடையில் பற்பசை வாங்கப் போய் அலமாரிக்கு முன்னால் திகைத்து நின்றார். வெண்மைக்கு ஒன்று, வாசனைக்கு ஒன்று, ஈறுக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்று. ஒவ்வொரு டப்பாவும் தன்னைத்தானே புகழ்ந்துகொண்டு நின்றது. வாய்ப்பேச்சை நம்பி அவர் எதையும் வாங்கியதில்லை. நாலு டியூபை அள்ளிக்கொண்டு நேராகப் பட்டறைக்குப் போனார். கழித்துப் போட்ட காரிலிருந்து மஞ்சள் பூத்த முன்விளக்கு ஒன்றைக் கழற்றினார். டேப் ஒட்டி அதை நாலு கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு பசையாகத் தடவி, ஈரத்துணியால் எண்ணி ஐம்பது தடவை தேய்த்தார்.

மூன்று கட்டம் அப்படியே மஞ்சளாக இருந்தது. சிவப்பு டியூப் தடவிய கட்டத்தில் மட்டும் உள்ளே இருக்கும் பல்பு பளிச்சென்று தெரிந்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. விளக்கைக் கையோடு வீட்டுக்குத் தூக்கி வந்து, சாப்பாட்டு மேஜை மேல் வைத்து, மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

மனைவி வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுத் துணி தைக்கிறவள். வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டே பேசும் பழக்கம் உண்டு. குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, "பல்லும் லைட்டும் ஒண்ணாங்க?" என்று கேட்டாள்.

"மஞ்சள் புடிச்ச லைட்டையே வெளுக்குதுன்னா, பல்லு எம்மாத்திரம்?"

அதற்கு மேல் பேச்சு இல்லை. அன்றிலிருந்து அந்த வீட்டுக் குளியலறைக் கண்ணாடிக்குக் கீழே சிவப்பு டியூப் குடியேறியது. வருஷத்துக்கு ஒரு தடவை கடைக்குப் புதிதாக வந்த பசைகளை வாங்கிப் போட்டி வைப்பார். ஒவ்வொரு தடவையும் சிவப்புதான் ஜெயிக்கும். விளக்கின் பின்பக்கத்தில் மார்க்கரால் வருஷம் எழுதி டிக் போட்டுவைப்பார். பட்டறையில் நசுங்கிய தகட்டைத் தட்டி ஒடுக்கு எடுக்கிறவர் ஒருநாள் ஆசையாகக் கேட்டு ஒரு டியூப் வாங்கிப் போய், மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டார். "வாய்க்குள்ள மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருக்குய்யா" என்றார். அவருக்குத் தரம் தெரியவில்லை என்று பாலீஷ்காரர் பெருந்தன்மையாக விட்டுவிட்டார்.

பசை மட்டுமா? பிரஷ்ஷும் இருப்பதிலேயே கெட்டியான நார் உள்ளதாகத்தான் வாங்குவார். பல் துலக்க நின்றார் என்றால் மணிக்கட்டு அசையாது, தோள்பட்டையிலிருந்து மொத்தக் கையும் வேலை செய்யும். குளியலறைக் கதவு அவர் தாளத்துக்குக் கிடுகிடு என்று ஆடும். வெளியே பத்து வயது மகள் நின்றுகொண்டு, "அம்மா, அப்பா இன்னும் ரெண்டாவது கியர்லதான் போறாங்க" என்று செய்தி வாசிப்பாள். வீட்டில் அவளுக்கு ‘வாலு’ என்று பெயர், அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. மூன்று வாரத்தில் பிரஷ்ஷின் நாரெல்லாம் நாலு பக்கமும் படுத்துவிடும். இந்தக் காலத்தில் எதையும் உருப்படியாகச் செய்வதில்லை என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டே புதுசு வாங்குவார்.

இப்படி ஜாம்ஜாம் என்று போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் முதல் அடி விழுந்தது பட்டறையின் தண்ணீர் மெஷினில். ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீரை வாயில் ஊற்றியவர், சுரீர் என்று மண்டை வரை ஏறிய வலியில் டம்ளரைக் கீழே போட்டார். அப்புறம் சூடாகக் குடித்தாலும் கூசியது. பைக்கில் போகும்போது வாயில் காற்றுப் பட்டாலும் கூசியது.

இதில்தான் சங்கடமே. அவர் பைக் ஓட்டிக்கொண்டே பாடுகிறவர். குரல் என்னவோ சுமார்தான், ஆனால் தயக்கம் என்பது துளியும் கிடையாது. சிக்னலில் நிற்கும்போதும் நிறுத்த மாட்டார். பக்கத்து வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவி முதுகில் ஒரு குத்துக் குத்தி, "வாயை மூடிக்கிட்டு ஓட்டுங்க, மானம் போகுது" என்பாள். இப்போது யாரும் சொல்லாமலே வாய் மூடிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் பூங்கா மூலையில் இருக்கும் ஐஸ்கிரீம் கடைக்குப் போவது வழக்கம். கல்யாணம் ஆன முதல் வாரத்தில் இருவராகத் தொடங்கி, பிறகு மூவராகி, மழை பெய்தாலும் நிற்காத வழக்கம். அந்த ஞாயிறு அவர், "எனக்கு வேணாம், நீங்க சாப்பிடுங்க" என்றார். அடுத்த ஞாயிறும் அதையே சொன்னார். மூன்றாவது ஞாயிறு, "நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்களேன்" என்று வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டார். மனைவி வாசலில் நின்று அவரை ஒரு பார்வை பார்த்தாள்.  மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

வலி என்று சொல்லியிருக்கலாம்தான். ஆனால் ஏழு வருஷமாக மார்தட்டிக்கொண்ட வாயால் எப்படிச் சொல்வது? போதாததற்குக் கண்ணாடியில் பார்த்தால் பல்லெல்லாம் ஈறு ஓரத்தில் மஞ்சளாகத் தெரிந்தது. அழுக்குச் சேர்ந்துவிட்டது என்று முடிவு கட்டி மூன்றாவது கியருக்குப் போனார். வலி நாலாவது கியருக்குப் போனது.

கடைசியில் ஒரு வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாருக்கும் தெரியாமல் பல் ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டரம்மா சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு மேலும் கீழும் பார்த்தார். "எந்த பேஸ்ட் யூஸ் பண்றீங்க?" என்று கேட்டார்.

மற்ற எதைக் கேட்டிருந்தாலும் ஒரு வரியில் பதில் சொல்லியிருப்பார். இதைக் கேட்டதும் வலி மறந்துவிட்டது. நாற்காலியில் படுத்தபடியே விளக்கு, டேப், நாலு கட்டம், ஐம்பது தேய்ப்பு, ஏழு வருஷம், ஏழு டிக் என்று ஒன்று விடாமல் சொல்லி முடித்தார்.  முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த டாக்டரம்மாவின் கண்கள் பெரிதாகிக்கொண்டே போயின.

"இந்தக் கண்ணாடியைப் புடிங்க" என்றார். "பல்லும் ஈறும் சேர்ற இடத்துல பள்ளம் தெரியுதா? நகத்தால தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பார்த்தார். நகம் ஒரு விளிம்பில் தட்டி நின்றது. அந்த விளிம்பு அவருக்கு நன்றாகத் தெரியும். கைப்பழக்கம் இல்லாதவன் மெஷினை அழுத்திப் பிடித்து மேல்பூச்சைத் தின்றுவிட்ட இடத்தில், காரின் மேல் விரலை ஓட்டினால் தட்டுகிற அதே விளிம்பு. எத்தனை பேரை அதற்காகத் திட்டியிருக்கிறார்!

"பூச்சு போயிருச்சா?" என்று கேட்டார். குரல் இறங்கிவிட்டது.

"ஆமா. பல்லு மேல எனாமல்னு வெள்ளையா ஒரு பூச்சு. அதைத் தேய்ச்சு எடுத்துட்டீங்க. அடியில இருக்கிறது மஞ்சள், அதான் இப்போ தெரியுது. நீங்க அதை அழுக்குன்னு நினைச்சு இன்னும் தேய்ச்சிருப்பீங்களே?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. தலையை ஆட்டினார்.

"திரும்ப வளருமா டாக்டரம்மா?"

"வளராது. பள்ளத்தை நான் அடைச்சுத் தர்றேன், கூச்சத்தையும் குறைச்சிடலாம். ஆனா இனிமே இருக்கிறதையாவது காப்பாத்துங்க. சாஃப்ட் பிரஷ் வாங்குங்க. பேனா புடிக்கிற மாதிரி புடிங்க, முஷ்டியால புடிக்காதீங்க. ஈறு ஓரத்துல லேசா சாய்ச்சு வச்சு, சின்னச் சின்ன வட்டமா தேய்ங்க. காலையில ரெண்டு நிமிஷம், படுக்கப் போறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம். பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு போதும். ஃபுளோரைடு இருக்கணும், சொரசொரப்பு கம்மியா இருக்கணும். வெளுப்பாக்கும்னு பெருசா போட்டிருந்தா அந்தப் பக்கமே போகாதீங்க. உங்களுக்குக் கூச்சத்துக்குன்னே ஒண்ணு எழுதித் தர்றேன்." எழுதிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார், "வீட்ல எல்லாரும் அந்த சிவப்பு டியூப்தானா?"

அவ்வளவுதான். படுத்திருந்த பாலீஷ்காரர் விருட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மனைவிக்கும் மகளுக்கும் அந்தப் பசையை வாங்கிக் கொடுத்தது அவர்தான். மகளுக்குப் பால்பல் விழுந்து புதுப்பல் ஒவ்வொன்றாக முளைத்தபோதெல்லாம் அதே டியூப்தான் கண்ணாடிக்குக் கீழே இருந்தது. தன் பல் போனால் போகிறது, அது அவர் செய்த வினை. அந்தக் குழந்தையின் பல் மேல் இருக்கும் பூச்சு இந்த ஒரு தடவைதான் வரும், வாழ்நாள் முழுக்க அதுதான். அதையும் தன் கெட்டிக்காரத்தனத்தால் தேய்த்து எடுத்துவிட்டோமோ என்று நினைத்தபோது அவருக்கு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே முடியவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர், மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பேசும்போது குனிந்து பார்த்தார், சாப்பிடும்போது சாய்ந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. வாய்விட்டுச் சிரிக்க வைத்தால் எல்லாப் பல்லும் தெரியுமே என்று, ஜென்மத்தில் ஜோக் சொல்லியறியாத மனிதர் வரிசையாக மூன்று ஜோக் சொன்னார். முதல் இரண்டுக்கும் யாரும் சிரிக்கவில்லை. மூன்றாவதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே முடிவு மறந்துவிட்டது. அதற்குத்தான் வாலு விழுந்து விழுந்து சிரித்தாள், அதுவும் வாயைக் கையால் பொத்திக்கொண்டு.

"என்னங்க ஆச்சு உங்களுக்கு?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல. சனிக்கிழமை பல் ஆஸ்பத்திரில எல்லாருக்கும் செக்கப். பேர் கொடுத்துட்டு வந்துட்டேன். மூணு பேரும் போறோம்."

நூறு கேள்வி வரும் என்று தயாராக இருந்தார். மனைவி மகளைப் பார்த்தாள், மகள் அம்மாவைப் பார்த்தாள். "சரி" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். இத்தனை சுலபமாக அந்த வீட்டில் எதற்கும் சம்மதம் கிடைத்ததில்லை.

இடையில் இருந்த வெள்ளிக்கிழமை பட்டறையில் அவருக்குக் கை ஓடவில்லை. ஒரே கதவைக் காலையிலிருந்து துடைத்துக்கொண்டிருந்தார். சிவப்பு டியூப் ஜெயித்த அந்த முன்விளக்கு அலமாரி மேலிருந்து முறைப்பது போல இருக்கவே, அதை எடுத்துச் சுவர் பக்கம் திருப்பி வைத்தார்.

சனிக்கிழமை டாக்டரம்மா முதலில் மகளை நாற்காலியில் உட்கார வைத்தார். பாலீஷ்காரர் பக்கத்தில் நின்றபடி, நாற்காலியின் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். மேல்வரிசை முடிந்தது. கீழ்வரிசை முடிந்தது. டாக்டரம்மா எதுவும் பேசாமல் அடுத்து மனைவியை உட்காரச் சொன்னார். அங்கேயும் மேல்வரிசை, கீழ்வரிசை. அந்தப் பத்து நிமிஷத்தில் அவர் தனக்குத் தெரிந்த, தெரியாத எல்லாத் தெய்வங்களுக்கும் விண்ணப்பம் போட்டுவிட்டார்.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு பேருக்கும் பல்லு பிரமாதம். ஒரு தேய்மானம் இல்ல, ஒரு பள்ளம் இல்ல. பாப்பாவோட பல்லைப் படம் புடிச்சு வெளியில மாட்டி வைக்கலாம் போல இருக்கு." கொஞ்சம் நிறுத்தி, "உண்மையிலேயே இவங்களும் அதே பேஸ்ட்தானா?" என்று கேட்டார்.

"அதேதான். ஏழு வருஷமா" என்றார் அவர். சந்தோஷமும் குழப்பமும் ஒன்றாக அடித்ததில் வாய் குழறியது.

மனைவி சீலிங் ஃபேனை ஆராய்ந்துகொண்டிருந்தாள். அம்மா பேசப் போவதில்லை என்று தெரிந்ததும் வாலு பொறுப்பைத் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சிவப்பு டியூப் குழாய் துடைக்கத்தானே அப்பா?"

 டாக்டரம்மா திரும்பி நின்று எதையோ தேடுவது போல இழுப்பறையைத் திறந்தார். அவர் தோள் மட்டும் குலுங்கியது.

அப்போதுதான் பாலீஷ்காரருக்கு ஒவ்வொன்றாக உறைத்தது. வீட்டுக் குளியலறைக் குழாய் ஏன் எப்போதும் கடையில் வைத்த மாதிரி மின்னுகிறது என்று அவர் ஒரு நாளாவது யோசித்தாரா? தொழிலே அதுதான், கண்ணும் தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. மனைவியின் கத்தரிக்கோல், இஸ்திரிப் பெட்டியின் அடித்தகடு, கைகழுவும் தொட்டி, எல்லாம் பளபள. வீட்டுக்கு வருகிறவர்கள் பாராட்டும்போது தன் தொழில் ராசி என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"ஏன்டி, அப்போ நீங்க எதுல பல்லு துலக்கினீங்க?"

"தையல் மெஷின் டிராயர்ல வேற டியூப் வச்சிருக்கேன்" என்றாள் மனைவி, ஃபேனை விட்டு இறங்கி வந்து. "முதல் வாரமே எனக்கு ஈறெல்லாம் எரிஞ்சுது. உங்ககிட்ட மூணு தடவை சொன்னேன். மூணு தடவையும் நீங்க அந்த லைட்டைத் தூக்கிட்டு வந்து என் முன்னாடி வச்சீங்க. அவ்வளவு சந்தோஷமா காட்றவர்கிட்ட எப்படிச் சண்டை போடுறது? சரி, டியூப் சீக்கிரம் தீரலைன்னா சந்தேகம் வருமேன்னு குழாயைத் தேய்ச்சேன்."

"இவளுக்கும் தெரியுமா?"

"மூணு வயசுலயிருந்து தெரியும்" என்றாள் வாலு. ஏழு வருஷம் ரகசியம் காத்த பெருமை அவள் முகத்தில் வழிந்தது.

கோபம் வந்தது. வரவில்லை என்று சொன்னால் அது பொய். ஏழு வருஷமாக ஒரு மனிதனை வீட்டுக்குள்ளேயே வைத்து நாடகம் ஆடியிருக்கிறார்கள்! ஆனால் திட்டுவதற்காக வாயைத் திறந்தவரின் கண் மகளின் பல்வரிசையில் போய் நின்றது. ஒரு கீறல் இல்லாத, மேல்பூச்சு துளியும் போகாத பல். கோபம் போன இடம் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. மகளின் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டார்.

வெளியே வந்து பைக்கில் ஏறும்போதுதான் கேட்டார். "என் பல்லை மட்டும் ஏன் விட்டே?"

மனைவியின் முகம் மாறியது. "உங்களுக்கு அது ஒத்துக்கிடுச்சுன்னு நினைச்சேன். ஒரு நாளாவது வலிக்குதுன்னு வாயைத் திறந்தீங்களா? சொல்லியிருந்தா அன்னைக்கே டியூபைத் தூக்கி வெளிய போட்டிருப்பேன்." பிறகு மெதுவாக, "மூணு ஞாயித்துக்கிழமை ஐஸ்கிரீம் வேணாம்னீங்க. பாட்டையும் நிறுத்திட்டீங்க. எங்க கூட வரப் பிடிக்கலையோன்னு நினைச்சு நான் எத்தனை நாள் சரியா சாப்பிடலை, தெரியுமா?" என்றாள்.

அவருக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது. ஒரு பல்வலியைச் சொல்ல வெட்கப்பட்டு, இவளை இப்படித் தவிக்கவிட்டிருக்கிறோமே! "கூசுச்சும்மா" என்றார். "சொல்ல வெக்கமா இருந்துச்சு." அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்ல ஆளு" என்றாள்.

அன்றே கடைக்குப் போனார்கள். இந்தத் தடவை அலமாரி முன்னால் மனைவிதான் நின்றாள். டாக்டரம்மா எழுதிக் கொடுத்ததைத் தேடி எடுத்து, பெட்டியைத் திருப்பிச் சின்ன எழுத்தை எல்லாம் படித்து, கூடையில் போட்டாள். பூனைமுடி மாதிரி மெத்தென்று ஒரு பிரஷ்ஷையும் எடுத்தாள். பாலீஷ்காரர் கூடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தார். வழியில் நின்று, சிவப்பு டியூபில் ஒன்றை அவராகவே எடுத்துப் போட்டார். மனைவி முறைத்தாள்.

"குழாய்க்குமா" என்றார். வீட்டுக்குப் போனதும் மார்க்கரை எடுத்து அதன் மேல் ‘குழாய்க்கு மட்டும்’ என்று பெரிதாக எழுதியும் வைத்தார்.

பழைய பழக்கம் லேசில் விடவில்லை. காலையிலும் படுக்கப் போகும் முன்பும் வாலு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வாசலில் நிற்பாள். தோள்பட்டை அசைந்தால், "அப்பா, பூச்சு போகுது!" என்று அவர் பாணியிலேயே கத்துவாள். அவர் பிரஷ்ஷைப் பேனா மாதிரி பிடித்து, பல்லுக்கு வட்டம் வட்டமாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு நிற்பார். கதவு ஆடுவது நின்றுவிட்டது. பள்ளங்களை டாக்டரம்மா அடைத்துவிட்டார். கூச்சம் வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

ஆறாவது ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பூங்கா மூலைக்குப் போனார்கள். அவர் ஐஸ்கிரீமைக் கையில் வாங்கிக்கொண்டு, வெடி வைத்தவர் மாதிரி தள்ளிப் பிடித்துப் பார்த்தார். நாக்கு நுனியில் கொஞ்சம் தொட்டார். மனைவியும் மகளும் தங்கள் பங்கைச் சாப்பிடாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கூசுதா?" என்றாள் மனைவி.

"லேசா" என்றார். ஏழு வருஷத்தில் பல்லைப் பற்றி அவர் வெட்கப்படாமல் சொன்ன முதல் உண்மை அது. இன்னொரு வாய் சாப்பிட்டார். பிறகு மொத்தத்தையும் சாப்பிட்டார், வாலு பாதியில் வைத்ததையும் வாங்கிச் சாப்பிட்டார்.

திரும்பி வரும்போது சிக்னலில் பைக் நின்றது. காற்று முகத்தில் அடித்தது. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஊரே கேட்கும்படி பாட ஆரம்பித்தார். பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். வாலு கையால் முகத்தை மூடிக்கொண்டாள். முதுகில் குத்து விழும் என்று அவர் காத்திருந்தார். மனைவி அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் சத்தமா பாடுங்க" என்றாள்.